கடைசி எழுத்து பெண்பால்

செத்துக் கிடந்த வாட்ச்மேனின் கண்கள் இரண்டிலும் சுண்ணாம்பை அள்ளி அப்பியிருந்தார்கள்.

அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் ஓடும் சின்ன அறை அது. ஆளை நாற்காலியோடு சேர்த்துக் கட்டி, பின்மண்டையில் ஒரே போடாகப் போட்டிருந்தார்கள். நாற்காலி சுவரில் சாய்ந்து நின்றது. கிரீஸ் நாற்றமும் ரத்த வாடையும் கலந்து மூச்சை அடைத்தன. சுவரில் கறுப்புப் பெயின்டில், ஆங்கில எழுத்தில் இரண்டு சொற்கள், ஒன்றுக்குக் கீழ் ஒன்று. சின்ன எழுத்துகள், எல்லாம் வலப்பக்கம் சாய்ந்தவை. ஒவ்வொன்றின் அடியிலும் நறுக்கென்று ஒரு கோடு.

"கைகுஸ், மூட்டா," என்று இன்ஸ்பெக்டர் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"ரெண்டாவது, மூட்டுவலித் தைலம் பேர் மாதிரி இருக்கு சார்," என்றாள் சைரன்.

இன்ஸ்பெக்டர் முறைத்தார். முறைப்பெல்லாம் அவளுக்கு எருமைமேல் பெய்த மழை. பல வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டியவள்; வழிவிடாத வண்டிக்காரர்களைத் திட்டித் திட்டியே அந்தப் பெயரை வாங்கியவள். ரத்தத்தைப் பார்த்து அவளுக்குக் கண் இருட்டாது. ஆனால் பயந்தால் வாய் தானாக ஓடும்.

பக்கத்தில் நின்றவர் அவளுடைய அக்கா புருஷன். போலீஸில் இருந்த காலத்தில் மூன்று முறை மூக்கு உடைந்ததால் ஊரே அவரை மூக்கர் என்றது. வேலை போனது, பெயர் போகவில்லை. இப்போது தனியார் துப்பறிவாளர். கொழுந்தியாளை உதவிக்கு வைத்துக்கொண்டதற்கு அவர் சொல்லும் காரணம், "என்னைவிட நல்லா வண்டி ஓட்டுவா." அவர் மனைவி சொல்லும் காரணம் வேறு: "மனுஷனை முழுசா வீட்டுக்குக் கொண்டுவர ஒரு ஆள் வேணும்ல?"

"எல்லாம் தெளிவா இருக்கு சார்," என்றார் இன்ஸ்பெக்டர். ஒரு காலத்தில் மூக்கரின் கீழ் வேலை பார்த்தவர். அந்த மரியாதையில் பாதி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. "இதே கட்டடத்துல, ஏழாவது மாடியிலேர்ந்து ஒரு பொண்ணு விழுந்து செத்தாளே, ஞாபகம் இருக்கா? புருஷன்தான் அடிச்சுத் தள்ளினான்னு கேஸ். போன மாசம் விடுதலை ஆயிட்டான். ஏன்? சாட்சி சொல்ல வந்தவங்க எல்லாம் கவுத்துட்டாங்க."

பக்கத்து வீட்டுக்காரன் பியானோவுக்குச் சுருதி கூட்டுகிறவன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அலறியது தன் காதில் விழவே இல்லை என்றான். போன வாரம் அவனுடைய பிணம், இரண்டு காதும் அறுபட்டு, அவன் வீட்டு பியானோவுக்கு அடியில் கிடந்தது. சுவரில் சுர்டுஸ் என்று எழுதியிருந்தது. அதற்கு லத்தீனில் செவிடு என்று அர்த்தம். அவளைத் தலைமுடியைப் பிடித்து லிஃப்டிலிருந்து இழுத்துப் போனதைக் கண்ட ஒரே ஆள் இந்த வாட்ச்மேன். கோர்ட்டில், எதையும் பார்க்கவில்லை என்றான். கைகுஸ் என்றால் குருடு.

"மூட்டான்னா ஊமை," என்றார் இன்ஸ்பெக்டர். "அடுத்தது யாருன்னு அவனே எழுதி வச்சுட்டுப் போயிருக்கான். அந்தப் பொண்ணோட பிணத்தை அறுத்துப் பார்த்த டாக்டர். பழைய காயத்தைப் பத்தி ரிப்போர்ட்ல வாயே திறக்கல. அவர் வீட்டைச் சுத்தி என் ஆளுங்க நிக்கறாங்க."

"செஞ்சவன்?"

"காலையிலேயே தூக்கிட்டோம். இந்த ஊர்ல லத்தீன் சொல்லிக் குடுக்கிறது ஒரே ஆள்தான். செத்த பொண்ணும் அவர்கிட்டதான் படிச்சிருக்கா. தீர்ப்பு அன்னிக்குக் கோர்ட்டு வாசல்ல உக்காந்து அழுதிருக்கார்."

"ஆள் உள்ள இருக்காருன்னா வெளியில காவல் எதுக்கு சார்?" என்று கேட்டாள் சைரன். "பூனையைக் கூடையில போட்டு மூடிட்டு, பாலுக்கு வேற பூட்டா?"

இன்ஸ்பெக்டர் படியிறங்கினார். மூக்கர் சுவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. லத்தீன் வாத்தியாரின் அக்கா காலையில் அவர் வீட்டுக்கு ஓடிவந்து, "என் தம்பி ஈயைக்கூட அடிக்க மாட்டான்யா" என்று அழுதிருந்தாள். எல்லாக் கொலைகாரனின் அக்காவும் அதையேதான் சொல்வாள். ஆனால் மூக்கரை இங்கே கொண்டுவந்து நிறுத்தியது அந்த அழுகைதான்.

"அந்தக் கோடு எதுக்கு?" என்று முணுமுணுத்தார். "கொலை பண்ண வந்தவன், கோடு இழுத்துக்கிட்டா நிப்பான்?"

*

லாக்கப்பில் வாத்தியாரின் கீழுதடு பிளந்திருந்தது. ஒரு கண் பனங்காய் மாதிரி வீங்கி மூடிக்கொண்டிருந்தது. சட்டையில் ரத்தம் காய்ந்து விறைத்திருந்தது.

சைரன் கைக்குட்டையை நனைத்து உதட்டைத் துடைத்தாள். "யாரு சார் கை வச்சது?"

"குட்டையா ஒருத்தர். என் வீட்டுல பசங்களோட பயிற்சித் தாள் கிடைச்சுது அவருக்கு. இங்கிலீஷ் அட்ஜெக்டிவ் குடுத்து லத்தீன்ல மாத்தச் சொல்லுவேன், அந்தந்தச் சொல் எங்கேயிருந்து வந்துதுன்னு எழுதச் சொல்லுவேன். அதுல 'குருடு' இருந்துது. ஒப்புக்கோன்னு சொல்லி அடிச்சார்."

"அடுத்த முறை 'அழகான', 'அன்பான'ன்னு குடுங்க."

வாத்தியார் சிரிக்கப் பார்த்தார். உதடு மறுபடி பிளந்தது.

மூக்கர் செல்போனில் எடுத்த படத்தைக் கம்பி வழியாக நீட்டினார். "இதைப் படிச்சுச் சொல்லுங்க. வாத்தியாரா படிங்க, கைதியா வேண்டாம்."

வாத்தியார் நல்ல கண்ணை இடுக்கிப் பார்த்தார். அடிபட்ட முகத்தில் மெல்ல ஒரு தெளிவு வந்தது. பாடம் என்றதும் வலி இரண்டடி தள்ளி நின்றதுபோல் இருந்தது.

"முதல் வீட்டுல எழுதினது சுர்டுஸ். இங்கிலீஷ்ல அப்சர்ட்னு சொல்றாங்களே, கோமாளித்தனம், அபத்தம்னு, அதோட வயித்துக்குள்ள இருக்கிறது இந்தச் சொல்தான். ஆதியில அதுக்குச் சுருதி சேராததுன்னு அர்த்தம்."

"சுருதி கூட்டறவனுக்கு சுருதி சேராதவன்னு பட்டம்," என்றார் மூக்கர். "எழுதின ஆளுக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு."

"கைகுஸ், குருடு. இதுவும் இங்கிலீஷ்ல ஒளிஞ்சிருக்கு. வயித்துக்குள்ள..."

"சீக்கம்," என்றாள் சைரன் சட்டென்று. "பெருங்குடல் ஆரம்பிக்கிற இடத்துல இருக்கிற பை. அது வீங்கின ஆளுங்களை எத்தனை பேரை அள்ளிட்டுப் போயிருக்கேன்."

"அதேதான். எழுத்து ஒண்ணு, உச்சரிப்புதான் வேற. ஒரு பக்கம் வழியில்லாத பை. குருட்டுப் பை." வாத்தியார் அவளைப் புது மரியாதையோடு பார்த்தார். பிறகு மூட்டா என்ற சொல்லில் விரலை வைத்தவர் அப்படியே நின்றார். "இது தப்பா இருக்கே. இல்ல... தப்பு இல்ல."

"என்ன?"

"போலீஸ்காரங்க இது டாக்டரைச் சொல்லுதுன்னாங்க. டாக்டர் ஆம்பளைதானே? ஆம்பளைன்னா மூட்டுஸ்னு முடியணும். சுர்டுஸ், கைகுஸ், ரெண்டும் 'உஸ்'னு முடியுது பாருங்க. அதெல்லாம் ஆண்பால். இது 'ஆ'ன்னு முடியுது."

"நம்ம பாஷையில ஊமைன்னா ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒண்ணுதானே சார்?"

"நமக்கு ஒண்ணு. லத்தீன்ல அட்ஜெக்டிவ் தன் பெயர்ச்சொல்லோட வாலைப் புடிச்சுக்கிட்டேதான் போகும். பெயர்ச்சொல் பெண்ணுன்னா இதுவும் பெண்ணாயிடும். அகராதியைப் பார்த்துக் காப்பி அடிச்சவனா இருந்தா மூணையும் 'உஸ்'னுதான் எழுதியிருப்பான். இந்த ஆளுக்கு இலக்கணம் ரத்தத்துல ஊறியிருக்கு."

"பெயர்ச்சொல்லே இல்லியே," என்றார் மூக்கர். "வெறும் அட்ஜெக்டிவ்தானே நிக்குது?"

"இருக்கு மாமா," என்றாள் சைரன். குரல் தாழ்ந்திருந்தது. "கைகுஸோட பெயர்ச்சொல் நாற்காலியில கிடந்துது. கயிறு கட்டி."

"இன்னொண்ணு," என்றார் மூக்கர். "நீங்க சுவத்துல எழுதினா இப்படித்தான் எழுதுவீங்களா?"

"நானா? கல்வெட்டு மாதிரி பெரிய எழுத்துல எழுதுவேன். லத்தீன் படிச்ச எவனும் சுவத்துல அப்படித்தான் எழுதுவான். இப்படிச் சின்ன எழுத்து, சாய்வு, அடியில கோடு..." வாத்தியார் நெற்றியைச் சுருக்கினார். "இது செடிக்காரங்க பழக்கம். செடிக்கு ரெண்டு சொல்லுல பேர் வைப்பாங்க இல்லியா? முதல் சொல் பெயர், பெரிய எழுத்துல ஆரம்பிக்கும். ரெண்டாவது பெரும்பாலும் அட்ஜெக்டிவ்தான், வெள்ளையான, முள்ளான, அந்த மாதிரி. அது எப்பவும் சின்ன எழுத்து. அச்சடிச்சா சாய்வா போடுவாங்க, கையால எழுதினா அடியில கோடு போடுவாங்க. ஆண்பால் பெண்பால் பிசகினா அவங்களுக்குத் தூக்கம் வராது."

மூக்கர் செல்போனைப் பைக்குள் போட்டார். "சைரன், வண்டியை எடு."

*

வண்டி பழைய ஆம்புலன்ஸ்தான். ஏலத்தில் எடுத்து, மேலே சாம்பல் நிறம் அடித்திருந்தாள். உள்ளே படுக்கை, ஆக்சிஜன் சிலிண்டர், கட்டுத்துணி எல்லாம் அப்படியே இருந்தன. "உங்ககூடச் சுத்தறதுக்கு இது இல்லாம முடியாது மாமா" என்பது அவள் கட்சி.

"அந்தக் கேஸ்ல வாயைத் திறக்காத பொம்பளை யாரு?" என்று கேட்டார் மூக்கர்.

அவளுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பத்திரிகைகளில் அதைப் பற்றி அவ்வளவு எழுதியிருந்தார்கள். செத்த பெண்ணின் அம்மா கூண்டில் ஏறினாள். உங்கள் மகள் எப்போதாவது புருஷனைப் பற்றிப் புகார் சொன்னாளா என்று வக்கீல் கேட்டார். நீதிபதியும் கேட்டார். அம்மா கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு மரம்போல நின்றாள். கடைசிவரை ஒரு வார்த்தை வரவில்லை. கேஸ் அன்றைக்கே சரிந்துவிட்டது.

"பெத்தவ," என்றாள் சைரன். "பொட்டானிக்கல் கார்டன்ல செடி ஆராய்ச்சி பண்றவங்க. அப்பாவுக்கும் அங்கதான் வேலை, மரம் வெட்டற ஆளுங்களுக்கு மேஸ்திரி." சொல்லிக்கொண்டே வந்தவளின் கால் ஆக்சிலேட்டரில் தானாக அழுந்தியது. "மாமா, தீர்ப்பு அன்னிக்குச் சாட்சிக்காரங்க சட்டையைப் புடிச்சு உலுக்கினது அந்த அப்பாதானே? 'உங்களுக்கெல்லாம் காது எதுக்குடா, கண்ணு எதுக்குடா'ன்னு கத்தினாரே?"

"அவரேதான். மரம் வெட்டற கை. பொண்டாட்டி பக்கத்துலயே இருந்து லத்தீன் பேரெல்லாம் கேட்டுக் கேட்டுப் பழகின காது."

"செவிடனை முடிச்சாச்சு, குருடனை முடிச்சாச்சு. இப்ப ஊமைப் பொண்டாட்டி."

மூக்கர் இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டார். டாக்டர் வீட்டு வாசலில் இருந்த இன்ஸ்பெக்டர், "இலக்கணத்தை நம்பி ஆளை மாத்தச் சொல்றீங்களா சார்?" என்று சிரித்தார். மூக்கர் போனை வைத்துவிட்டார். சைரன் ஒரு லாரியின் இடுப்பை உரசுவதுபோல் முந்தினாள்.

பராமரிப்பு வேலை என்று பலகை மாட்டி, தோட்டத்தின் கேட்டைச் சாத்தியிருந்தார்கள். சைரன் இறங்கிப் பூட்டைப் பார்க்கவில்லை. பம்பரை வைத்து அழுத்தினாள். கேட் ஒரு முனகலோடு வழிவிட்டது.

தோட்டத்துக்குள்ளேயே அவர்கள் குடியிருந்த வீடு. கதவு திறந்திருந்தது. கூடத்தில் நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. சுவரோடு ஒரு கண்ணாடிப் படம் நொறுங்கியிருந்தது. அந்தச் சில்லுகளின் பக்கத்திலிருந்து ரத்தம் பின்வாசல்வரை சொட்டுச் சொட்டாகப் போய், அங்கிருந்து இழுபட்ட தடமாக மாறி, கருவிக் கொட்டகைக்குள் நுழைந்தது.

"இழுத்துட்டுப் போயிருக்கான்," என்றாள் சைரன்.

கொட்டகைச் சுவர் முழுக்க ரம்பங்கள், அரிவாள்கள், கவைக்கம்புகள். மூக்கர் ஒரு மண்வெட்டிக் காம்பை உருவிக்கொண்டு முன்னால் போனார். உரமூட்டைகளுக்குப் பின்னால் ஏதோ அசைந்தது. காம்பை ஓங்கியவர் ஓங்கிய கையோடு நின்றார்.

மூட்டைகளுக்கு நடுவே கிடந்தவர் அந்த அப்பாதான். வாயில் துணி திணித்திருந்தது. கைகள் பின்னால் கட்டப்பட்டிருந்தன. வலது குதிகாலுக்கு மேலே நரம்பு அறுந்து, பூட்ஸ் நிறைய ரத்தம் தேங்கியிருந்தது.

சைரன் மண்டியிட்டுத் துணியை உருவி, கைக்கட்டையும் அவிழ்த்தாள். அவர் இருமினார், துப்பினார், அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"புடிங்க. அவளைப் போய்ப் புடிங்க."

"யாரைங்க?"

"என் பொண்டாட்டியை," என்றார் அவர். பெரிய உடம்பு குலுங்கியது. "பெயின்ட் டப்பாவைப் பார்த்துட்டேன். கேட்டேன். ஆமான்னா. விட மாட்டேன்னு குறுக்கே விழுந்தேன். இப்படிப் பண்ணிட்டா. கண்ணாடி வீட்டுக்குப் போயிருக்கா. கத்தி இருக்கு கையில."

சைரன் அவர் காலை இறுக்கிக் கட்டிக்கொண்டே மூக்கரை நிமிர்ந்து பார்த்தாள். லிஃப்ட் அறையின் சுவர் அவள் கண்முன் வந்தது. கைகுஸ், அதன் கீழே மூட்டா.

"மாமா, அது அடுத்த ஆளுக்கு மிரட்டல் இல்ல," என்றாள். "கையெழுத்து."

*

கண்ணாடி வீட்டுக்குள் புழுக்கம் ஈரத்துணிபோல் முகத்தில் ஒட்டியது. ஆளுயர இலைகள். எங்கோ குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில், நாற்றுத் தொட்டிகளை அடுக்கிய மேசைக்கு முன்னால், நரைத்த தலையைக் கிராப்பு வெட்டிய நெட்டையான பெண் ஒருத்தி முதுகு காட்டி நின்றாள். மலை மலையாக ஏறிச் செடி சேகரித்த உடம்பு, வயதுக்கு வளையவில்லை. முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். கையில் ஒட்டுப்போடும் கத்தி.

"அம்மா," என்றார் மூக்கர். "அதைக் கீழ போடுங்க."

அவள் திரும்பினாள். முகத்தில் கோபமில்லை, பயமில்லை. கத்தி மெதுவாக மேலே, அவளுடைய தொண்டையை நோக்கியே போனது.

சைரன் ஓடினாள். யோசித்து ஓடவில்லை. பாதி வழியில் ஒரு மண்தொட்டி பறந்துவந்து தோளில் இடித்து உடைந்தது. இரண்டாவது தொட்டி அவள் காதை உரசிப்போய்ப் பின்னால் கண்ணாடிச் சுவரைத் தகர்த்தது. சில்லுகள் மழையாகக் கொட்டின. அதற்குள் மூக்கர் அந்தப் பெண்ணின்மேல் பாய்ந்துவிட்டார். கத்தி அவர் முன்கையைக் கிழித்தது. மறு வீச்சு முகத்துக்கு வந்தபோது வெறுங்கையால் அலகையே பிடித்தார். விரல்களுக்கு நடுவே ரத்தம் குபுகுபுவென்று வந்தது. அவர் விடவில்லை. அவள் தலையால் முட்டினாள். மூக்கெலும்பு முறியும் சத்தம் சைரனுக்குக் கேட்டது.

தொட்டி ஏற்றும் தள்ளுவண்டி பக்கத்தில் நின்றது. சைரன் அதைப் பிடித்து முழு வேகத்தில் உந்தினாள். வண்டி அந்தப் பெண்ணின் இடுப்பில் மோதி மேசையோடு அவளை நெருக்கியது. கத்தி நழுவித் தரையில் விழுந்தது. சைரன் அதைக் காலால் எட்டி உதைத்துவிட்டு, அவள் இரண்டு கைகளையும் முறுக்கிச் செடி கட்டும் கயிற்றால் கட்டினாள்.

"நாலாவது தடவை," என்றார் மூக்கர், மூக்கைப் பொத்திக்கொண்டு. குரல் டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. "உங்கக்கா என்னைத் தூக்கிப் போட்டு மிதிக்கப் போறா."

கட்டிப்போட்ட பெண் அவர்களைப் பார்க்கவே இல்லை. மேசைக்கு அப்பால், பெரணிச் செடிகள் அடர்ந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தம் அங்கிருந்துதான் வந்தது. தரையில் சாய்வாக வெட்டிய ஓடையில் தண்ணீர் சிவப்பாக ஓடியது.

சைரன் இலைகளை விலக்கினாள்.

நல்ல சட்டை போட்ட இளைஞன் ஒருவன் குழாய்க்கம்பத்தோடு கட்டப்பட்டுக் கிடந்தான். பத்திரிகைகளில் மாலையும் சிரிப்புமாக வந்த முகம் அது, விடுதலையான அன்று. தொடையில் ஆழமான வெட்டு. உதடு வெளுத்திருந்தது. மார்பு ஏறுவதும் இறங்குவதும் கண்ணுக்குத் தெரியவில்லை. சைரன் கழுத்தில் விரல் வைத்தாள். எங்கோ அடியில் ஒரு துடிப்பு, பிறகு இன்னொன்று. அவன் கழுத்தில், செடிகளுக்கு மாட்டும் தகரத் தகடு ஒன்று தொங்கியது. சின்ன எழுத்து, சாய்வு, அடியில் கோடு. நொசென்ஸ்.

"அப்பீலுக்குப் போகலன்னு எழுதித் தர்றேன்னு சொன்னேன். வந்தான்," என்றாள் அந்தப் பெண். பல நாள் புழங்காத குரல், துருப்பிடித்துக் கரகரத்தது. "கோர்ட்டு அவனை இன்னொசன்ட்னு சொல்லிச்சு. நொசென்ஸ்னா கெடுதல் பண்றவன். முன்னாடி 'இன்' சேர்த்தா கெடுதல் பண்ணாதவன். நான் புதுசா எதுவும் எழுதல. அந்த 'இன்'னை மட்டும் வெட்டி எடுத்தேன்."

"இன்னும் உயிர் இருக்கு," என்றாள் சைரன்.

"தெரியும். மெதுவாப் போகட்டும்னுதான் விட்டேன். என் பொண்ணு கீழ விழுந்த பிறகும் ரொம்ப நேரம் உயிரோட கிடந்தா. இவன் மேலேர்ந்து பார்த்துக்கிட்டே இருந்தான். ஒருத்தரும் ஆம்புலன்ஸைக் கூப்பிடல."

சைரனின் கை அவன் தொடையின்மேல் இருந்தது. அழுத்தினால் ரத்தம் நிற்கும். எடுத்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். யாருக்கும் தெரியாது, தெரிந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். செத்த அந்த மகளை அவள் பார்த்ததே இல்லை. ஆனால் கூப்பிட்டிருந்தால் அன்றைக்கு அந்தத் தெருவுக்குப் போயிருக்க வேண்டிய வண்டி தன்னுடையதாகக்கூட இருந்திருக்கலாம் என்பது தெரியும்.

மூக்கர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள்.

"அவனை விட்டுடும்மா," என்றாள் அந்தப் பெண்.

"விட்டா இவன் இன்னொசன்டாவே செத்துப் போவான்," என்றாள் சைரன். "தீர்ப்பு அப்படியே நிக்கும். உங்க பொண்ணு தானா விழுந்தவளாவே இருப்பா. நீங்க வாயைத் திறக்கணும்னா இவன் உயிரோட இருக்கணும். மாமா, அந்தப் பக்கம் தூக்குங்க."

*

வண்டியில் இடம் போதவில்லை. படுக்கையில் மருமகன். அவன் தலைமாட்டில், கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு மாமனார். எதிரே, கைகட்டோடு மாமியார். நடுவில் மூக்கர், ஒரு கையில் துணி சுற்றி, மறு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு.

"தொடையை யாராவது அழுத்திப் புடிக்கணும்," என்று ஓட்டுநர் இருக்கையிலிருந்து கத்தினாள் சைரன். "மாமா கையால ஆகாது."

உள்ளே அசைவில்லை. கண்ணாடியில் பார்த்தாள். அந்த மேஸ்திரி தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய கைகள். தீர்ப்பு நாளில் இவனைக் கொல்லாமல் விடமாட்டேன் என்று கோர்ட்டு நடுவில் தூக்கிய கைகள். பிறகு குனிந்து, மருமகனின் தொடையில் இரண்டையும் சேர்த்து வைத்து, முழு எடையோடு அழுத்தினார்.

"என்ன பண்றீங்க?" என்றாள் மனைவி.

"ரெண்டு கொலைக்குப் பதில் சொல்லப் போற. மூணு வேண்டாம்," என்றார் அவர். அழுதுகொண்டே அழுத்தினார்.

வண்டி கேட்டைத் தாண்டிப் பெரிய ரோட்டில் ஏறியது. மூக்கர் பல்லால் போனைப் பிடித்து, நல்ல கையால் இன்ஸ்பெக்டரின் எண்ணைத் தட்டினார். "டாக்டர் வீட்டுலேர்ந்து ஆளுங்களை எடுத்துடு," என்றார். "அப்புறம் வாத்தியாருக்கு ஒரு நாற்காலி போடு. போட்டுட்டு, அவரை அடிச்ச ஆளு யாருன்னு எனக்குச் சொல்லு."

முன்னால் சிக்னல் சிவப்பு. சைரன் வேகத்தைக் குறைக்கவில்லை.

"மெதுவா ஓட்டும்மா," என்றது பின்னாலிருந்து அந்தக் கரகரத்த குரல். கெஞ்சல் இல்லை, கட்டளையும் இல்லை. ஒரு பெண் இன்னொருத்தியிடம் கேட்கிற மாதிரி. "கொஞ்சம் மெதுவாத்தான் ஓட்டேன்."

சைரன் கண்ணாடியில் அந்தக் கண்களைப் பார்த்தாள். கியரை மாற்றினாள். வண்டி சிவப்பைத் தாண்டிப் பாய்ந்தது. இரண்டு பக்கமும் ஹாரன்கள் அலறி ஓய்ந்தன.

"பேசுங்கம்மா," என்றாள். "வழி நீளமா இருக்கு. வாயைத் திறந்துட்டீங்க. இனி மூடாதீங்க."

மூக்கர் போனில் பதிவைத் தட்டிவிட்டு, ரத்தம் ஊறிய கட்டுத்துணிமேல் அதை வைத்துக்கொண்டார்.

"சாகறதுக்கு முந்தின நாள் வந்தா," என்றாள் அந்தப் பெண். "கழுத்துல விரல் பதிஞ்சிருந்துது, அஞ்சும் தனித்தனியா. நான் செடி ஒட்டிக்கிட்டிருந்தேன். பக்கத்துல வந்து உக்காந்தா. 'அம்மா, இன்னிக்கு மட்டும் இங்கயே இருந்துக்கட்டுமா'ன்னு கேட்டா."

அழுத்திக்கொண்டிருந்த மேஸ்திரியின் தலை மெல்ல நிமிர்ந்தது. அவருக்கு இது புதிது என்பது கண்ணாடியில் தெரிந்தது.

"நீ என்ன சொன்ன?" என்று கேட்டார்.

"ஒண்ணும் சொல்லல," என்றாள் அவள். "கொஞ்ச நேரம் பார்த்துட்டு, எழுந்து போயிட்டா."